பல்லும் பேரேடும்

எழுத்துகள் பிறக்கும் இடங்களை எண்ணி வகுத்த தொல்காப்பியர், தலை, மிடறு, நெஞ்சு ஆகிய மூன்றோடு நா, இதழ், மூக்கு, அண்ணம் என்பவற்றையும் சேர்த்து, அவற்றுக்கு இணையாகப் பல்லுக்கும் ஓர் இடம் அளித்தார். நாவின் நுனி பரந்து மேற்பல்லின் அடியைச் சென்று பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கின்றன; மேற்பல்லும் கீழ் உதடும் இயைய வகரம் பிறக்கின்றது. கல்லூரியில் இளங்கலை படித்த நாளில் பிறப்பியலைத் தேர்வுக்காக நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்தவன் நான். 'தமிழ்' என்ற சொல்லை எடுத்த எடுப்பிலேயே பல் தொட்டுத்தான் தொடங்க வேண்டும் என்னும் உண்மை, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கல்கத்தாவில் என் வீட்டுக் கூடத்தில்தான் எனக்கு உறைத்தது.

என் அன்னையார் குமரி மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் மறைந்தபின் என்னுடன் வந்து தங்கிவிட்டார். ஞாயிறுதோறும் மாலையில் ஊரிலுள்ள தம் தங்கையுடன் தொலைபேசியில் பேசுவது அவருக்கு ஒரு நோன்பு போன்றது. சென்ற ஆண்டு எஞ்சியிருந்த கீழ்ப்பற்களும் போயின. கட்டிய பல்வரிசையோ நாக்கு அசையும்போதெல்லாம் தானும் எழுந்து அசைந்தது. சில வாரங்களுக்குப் பின் அம்மா தொலைபேசியை என் கையில் கொடுத்து, "நீயே பேசு மக்களே" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விடலானார். உண்ண முடியவில்லை என்று ஒரு நாளும் குறைப்பட்டவர் அல்லர். மரச்சீனிக் கிழங்கைக் குழைய வேகவைத்து உண்டுகொண்டார். பேச்சு நழுவியதைத்தான் அவரால் பொறுக்க இயலவில்லை. பல் போனால் சொல் போச்சு என்று நம் முன்னோர் கூறியதை நான் அதுகாறும் நகைச்சுவை என்றே எண்ணியிருந்தேன்.

அன்று தொடங்கிற்று இந்தத் தேடல். இழந்த பல்லின் இடத்தை மனிதன் எவ்வெவற்றைக் கொண்டு நிரப்பினான் என்று பார்க்கப் புகுந்தேன். பார்க்கப் பார்க்க, அது மருத்துவ வரலாறு மட்டும் அன்று, யாருடைய வாய்க்காக யாருடைய வாய் வெறுமையாயிற்று என்னும் கணக்கு வரலாறும் ஆகும் என்று கண்டேன். நானோ கணக்குப் பிரிவில் எழுத்தனாகக் காலம் தள்ளுபவன். பேரேட்டுப் பதிவு என்றால் கண் தானே அங்குச் சென்று நிற்கும்.

இத்தாலி நாட்டில் உரோமர்கள் தலையெடுக்குமுன் வாழ்ந்த எத்ருசுக்கர்கள் கி.மு. ஏழாம் நூற்றாண்டளவிலேயே மெல்லிய பொன் பட்டைகளை வளைத்து, நிற்கும் பற்களோடு மாற்றுப் பற்களைப் பிணைத்திருந்தனர். கல்லறைகளில் கிடைத்த இப்பட்டைகள் பெரும்பாலும் செல்வக் குடிப் பெண்களுடையவை என்பர் ஆய்வாளர். உரோமர்களோ இதற்குச் சட்டத்திலேயே இடம் வைத்தனர். கி.மு. 450ஆம் ஆண்டளவில் தோன்றிய பன்னிரு பலகைச் சட்டம், பிணத்தோடு பொன்னைப் புதைக்கலாகாது என்று விதித்து, பற்களைப் பிணைத்துள்ள பொன்னுக்கு மட்டும் விலக்களித்தது. விதி என்று ஒன்று இருந்தால் அதன் வாலில் ஒரு விலக்கு இருக்கும் என்பதை அலுவலகத்தில் நாள்தோறும் காண்கின்ற எனக்கு, ஈராயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பும் ஓர் எழுத்தன் அமர்ந்து அந்த விலக்கைப் பொறித்திருப்பான் என்று எண்ணுகையில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டாயிற்று.

நடு அமெரிக்காவின் ஒண்டுராசு நாட்டில் 1931ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட ஒரு கீழ்த்தாடைத் துண்டு இதனினும் வியப்புக்குரியது. கி.பி. 600ஐ ஒட்டியதாகக் கருதப்படும் அத்தாடையில், முன்பற்கள் மூன்று இருந்த குழிகளில் பல்லின் வடிவாகச் செதுக்கிய கிளிஞ்சல் துண்டுகள் மூன்று பொருத்தப்பட்டிருந்தன. இறந்தவனுக்குச் செய்த ஒப்பனை என்றே பலரும் கருதினர். 1970இல் பிரேசில் நாட்டுப் பல் மருத்துவப் பேராசிரியர் ஒருவர் அதனை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, கிளிஞ்சலைச் சூழ்ந்து எலும்பு வளர்ந்திருந்தது தெரியவந்தது. உயிரோடு இருந்தவனின் வாயிலேயே, பல் குழிக்குள்ளேயே, கிளிஞ்சல் ஊன்றப்பட்டு நிலைத்திருந்தது! சப்பான் நாட்டில் 1538இல் மறைந்த பௌத்தத் துறவினி ஒருவர் அணிந்திருந்த மரப் பல்வரிசையும் இன்றுவரை காக்கப்பட்டுள்ளது. மரத்தைச் செதுக்கி ஈறின் வளைவுக்கு ஒட்டவைத்த அக்கைவினைக்கு மேற்கு நாடுகளில் அன்று நிகர் இல்லை.

மரப்பல் என்றதும் அமெரிக்க நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் சார்சு வாசிங்டன் நினைவுக்கு வருவார். அவர் மரப்பல் கட்டியிருந்தார் என்று நாம் பள்ளியில் கேட்டது வெறும் கட்டுக்கதை. உண்மையோ கதையினும் கசப்பானது.

வாசிங்டனுக்கு இருபதுகளின் நடுவிலேயே பற்கள் விழத் தொடங்கிவிட்டன. விடுதலைப் போரின் நடுவே, 1781இல், தம் பல் மருத்துவருக்குப் பல் துலக்கும் கருவிகளை அனுப்பும்படி அவர் எழுதிய கடிதத்தை ஆங்கிலேயர் இடைமறித்துக் கைப்பற்றினர். படைத் தலைவரின் பல்வலி அங்ஙனம் பகைவரின் ஆவணக் கட்டுக்குள் புகுந்தது. 1789இல் அவர் பதவி ஏற்றபோது வாயில் எஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. நியூயார்க்கு மருத்துவர் சான் கிரீன்வுட், நீர்யானைத் தந்தத்தில் பல்வரிசை செய்து, அந்த ஒற்றைப் பல் நுழைய ஒரு துளையும் விட்டுக் கொடுத்தார். அப்பல்லும் பின்னர் எடுக்கப்பட, அதனைக் கிரீன்வுட் ஒரு சிறு கூட்டிலிட்டுப் போற்றி வைத்துக்கொண்டார். மவுண்ட் வெர்னன் மாளிகையில் இன்றும் காட்சிக்கு இருக்கும் அவருடைய பல்வரிசை ஒன்று ஈயத்தாலாகிய அடித்தளம் கொண்டது. மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் எஃகு விற்சுருள்கள் உந்திப் பிடிக்கும். வாயை மூடி வைப்பதே ஒரு முயற்சி. அந்த ஈயத்தில் பதிந்திருப்பவற்றுள் விலங்கின் பற்களும் உண்டு, மனிதப் பற்களும் உண்டு.

மனிதப் பற்கள் எங்கிருந்து வந்தன? இங்கேதான் என் கண் பேரேட்டில் நின்றது. மவுண்ட் வெர்னன் பண்ணையின் 1784ஆம் ஆண்டுக் கணக்கில், பிரெஞ்சுப் பல் மருத்துவர் இலெ மேயேரின் பொருட்டு, நீக்ரோக்களுக்கு ஒன்பது பற்களுக்காக ரொக்கம் கொடுத்த வகையில் ஆறு பவுன் இரண்டு சில்லிங்கு, அதாவது 122 சில்லிங்கு, பற்று எழுதப்பட்டுள்ளது. பண்ணையை மேற்பார்த்த உறவினர் கையெழுத்து அது. பதிவு அவ்வளவுதான். பல்லைக் கொடுத்தவர்கள் ஒன்பது பேரா, மூவரா, ஆணா, பெண்ணா என்று ஒன்றும் இல்லை. அப்பற்கள் வாசிங்டன் வாய்க்கே சென்றனவா என்பதையும் அந்த வரி உரைக்கவில்லை. அதே மருத்துவர் நியூயார்க்கு நகரில், முன்பல் தர முன்வருவோர்க்குப் பல் ஒன்றுக்கு இரண்டு கினி, அதாவது 42 சில்லிங்கு தருவதாக நாளிதழில் விளம்பரம் செய்திருந்தார். நான் ஒரு தாளில் வகுத்துப் பார்த்தேன். அடிமைகளின் பல்லுக்கு விழுந்த விலை பதின்மூன்றரைச் சில்லிங்குக்குச் சற்றே கூடுதல். விளம்பர விலையில் மூன்றில் ஒரு பங்கு கூட முழுதாக இல்லை. விற்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லாதவனிடம் வாங்குவதை விலைக்கு வாங்குதல் என்று எந்தத் தலைப்பில் எழுதுவது? இருபது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். இத்தனை நேர்த்தியான, இத்தனை கொடிய பதிவு ஒன்றை நான் கண்டதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அக்காலத்து ஐரோப்பியச் செல்வர்களின் பற்கள் அத்துணை விரைவாகச் சொத்தையானதற்குப் பெரியதொரு காரணம் சர்க்கரை. அந்தச் சர்க்கரை கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. பல்லைக் கெடுத்த இனிப்பும் அவர்கள் கையிலிருந்து வந்தது. கெட்ட பல்லுக்கு மாற்றும் சில வேளை அவர்கள் வாயிலிருந்தே வந்தது.

இலண்டனில் மட்டும் என்ன வாழ்ந்தது? மாபெரும் அறுவை மருத்துவர் சான் அண்டர், 1771இல் பற்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டு, அது பற்றிக்கொண்டதாகக் காட்டினார். அவருடைய புகழால், ஒருவர் வாயிலிருந்து பிடுங்கிய பல்லைச் சூடு ஆறுமுன் மற்றொருவர் குழியில் நடுவது நாகரிகமாயிற்று. 1787இல் ரோலண்ட்சன் என்னும் ஓவியர் இதனைக் கேலிச் சித்திரமாக வரைந்தார். புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் பல் பிடுங்கப்படுகிறது. அருகே பட்டுடுத்த சீமாட்டி காத்திருக்கிறாள். பல்லைக் கொடுத்த பிள்ளைகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகின்றனர். நட்ட பல் சில காலம் நின்று விழுந்துவிடும். கொடுத்தவரின் நோய் மட்டும் பெற்றவரிடம் தங்கிவிடுவதும் உண்டு. 1815 சூன் 18இல் வாட்டர்லூ போர் முடிந்ததும் களத்தில் கிடந்த இளம் வீரர்களின் பற்கள் பறிக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. அவற்றுக்கு 'வாட்டர்லூப் பற்கள்' என்றே பெயர் வழங்கிற்று.

இக்கொடுமைக்கு மாற்றாக வந்தது, நாம் தேநீர் அருந்தும் கோப்பைக்கு உரிய பீங்கான். பாரிசு நகருக்கு அருகே வாழ்ந்த துசாத்தோ என்னும் மருந்து வணிகர், தம் நீர்யானைத் தந்தப் பல்லின் நாற்றம் பொறுக்கமாட்டாமல், 1774ஐ ஒட்டிப் பீங்கானில் பல்வரிசை செய்துகொள்ள முனைந்தார். அவருக்கு உதவிய துபுவா தெ செமான் என்பவர் பிரெஞ்சுப் புரட்சியின் போது இங்கிலாந்துக்குச் சென்று, 1791இல் அங்கே காப்புரிமை பெற்றார். பின்னர்த் தனித்தனிப் பீங்கான் பற்கள் வந்தன. அமெரிக்காவில் குட்இயர் குடும்பத்தார் கண்ட கெட்டி ரப்பரால் ஈறுக்கு ஒட்டிய தளம் மலிவாகச் செய்ய இயன்றது. 1846இல் ஈதர் மயக்க மருந்து வந்தபின் வலியின்றிப் பல் பிடுங்கலாம் என்றானது. பிடுங்குதல் பெருக, கட்டுதலும் பெருகிற்று. ரப்பர்த் தளக் காப்புரிமைக்காகப் பல் மருத்துவர்களை ஊர் ஊராகத் துரத்தி வழக்குத் தொடுத்த நிறுவனத்தின் பொருளாளரை, 1879இல் சான்பிரான்சிசுக்கோவில் ஒரு பல் மருத்துவர் சுட்டே கொன்றுவிட்டார். வசூல் அலுவலர்கள் கவனிக்கத் தக்க செய்தி இது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ரப்பரின் இடத்தை அக்ரிலிக்குப் பிடித்துக்கொண்டது. என் அன்னையார் இரவில் குவளை நீரில் இட்டு வைக்கும் இளஞ்சிவப்புத் தளம் அதுவே.

நாம் வாழும் இக்கல்கத்தாவுக்கும் இக்கதையில் தக்க பங்கு உண்டு. சீனத்தின் ஊபே மாகாணத்திலிருந்து வந்து இந்நகரில் குடியேறிய குடும்பங்கள் பல் கட்டுவதையே தொழிலாகக் கொண்டன. பழைய தலைமுறைத் தமிழர் பலர் அவர்களிடம் பல் கட்டிக்கொண்டதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். முறையான கல்வியாக இதனை இந்நாட்டில் நிறுவியவர் மருத்துவர் இரபியுத்தீன் அகமது. கிழக்கு வங்காளத்தில் 1890இல் பிறந்து, அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் 1915இல் பட்டம் பெற்று, நாடு திரும்பி, 1920இல் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை இங்கே தொடங்கினார். பணத்துக்கு என்ன வழி? நியூயார்க்கு சோடா பவுண்டன் என்ற குளிர்பானக் கடை ஒன்றை நடத்தி, அந்த வருவாயைக் கல்லூரிக்குச் செலவிட்டார். இனிப்புப் பானம் விற்ற காசில் பல் மருத்துவம் கற்பித்த அந்த நகைமுரணை அவரே எண்ணிச் சிரித்திருக்கக்கூடும். 1948இல் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டு தம் கல்லூரியை அவர் மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். மௌலாலி அருகே அவர் பெயர் தாங்கி நிற்கும் அக்கல்லூரியைக் கடந்துதான் பல ஆண்டுகளாக நான் பேருந்தில் அலுவலகம் சென்றுவருகிறேன். உள்ளே நுழைந்தது அம்மாவுடன்தான்.

ஆயினும், பொன், தந்தம், பீங்கான், ரப்பர், அக்ரிலிக்கு ஆகிய யாவற்றுக்கும் ஒரு குறை பொது. அவை ஈறின்மேல் அமர்வனவே அன்றி எலும்பில் ஊன்றுவன அல்ல. வேர் நீங்கிய தாடையெலும்போ வேலையற்றுப்போய் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. முதியோரின் முகவாய் மூக்கை நோக்கி எழுவது அதனால்தான். இன்று பொருந்தும் தளம் சில ஆண்டுகளில் ஆடத் தொடங்குவதும் அதனால்தான். எலும்புக்குள் ஊன்றும் வேர் வேண்டும் என்பது பலருடைய கனவாக இருந்தது. பிரான்சில் மாசியோலோ 1809இல் பொன்னால் வேர் செய்து நட்டார். அமெரிக்கர் கிரீன்பீல்டு 1913இல் இரிடியம் கலந்த பிளாட்டினக் கம்பியால் கூடை போன்ற வேர் செய்தார். எலும்பு பெரும்பாலும் இவற்றை அயலாராகவே கருதிற்று.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1952இல் சுவீடன் நாட்டு இலுண்டு நகரில் பெர்-இங்வார் பிரானிமார்க்கு என்னும் இளம் ஆய்வாளர், உயிருள்ள எலும்பினுள் குருதி எவ்வாறு ஓடுகிறது என்று காண விழைந்தார். பல்லைப் பற்றி அவர் அப்போது எண்ணவே இல்லை. முயலின் காலெலும்பில், உள்ளே பார்க்கத் தகுந்த நுண்ணிய டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்ததும், விலை மிகுந்த கூடாயிற்றே, மீண்டும் பயன்படட்டும் என்று கழற்ற முயன்றார். கழலவில்லை. எலும்பு வளர்ந்து உலோகத்தோடு ஒன்றிவிட்டிருந்தது. வேறொருவராயின் கருவி வீணாயிற்றே என்று நொந்திருப்பர். இவரோ, இஃது ஏன் நேர்ந்தது என்று வினவிப் பத்தாண்டுகளுக்கு மேல் அதன் பின்னே சென்றார்.

1965இல் கோதன்பர்க்கு நகரில் யோஸ்தா இலார்சன் என்னும் முப்பத்து நான்கு வயதினர் அவரிடம் வந்தார். பிறவியிலேயே அண்ணப் பிளவும் தாடைக் குறையும் உள்ளவர். உண்பது அரிது, பேசுவது அதனினும் அரிது. அவருடைய கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகள் ஊன்றப்பட்டன. சில மாதங்கள் எலும்பு பற்றக் காத்திருந்து அவற்றின் மேல் பற்கள் அமைக்கப்பட்டன. 2006இல் இலார்சன் மறையும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவை அவருக்கு உழைத்தன. பல் மருத்துவ உலகமோ எளிதில் நம்பவில்லை. எலும்பு ஆய்வாளர் ஒருவர் தமக்கு வாய் மருத்துவம் கற்பிப்பதா என்னும் இறுமாப்பும் அதில் கலந்திருந்தது. 1982இல் கனடாவின் டொராண்டோ நகரில் நிகழ்ந்த மாநாட்டில் அவர் நீண்ட காலச் சான்றுகளை அடுக்கிக் காட்டிய பின்னரே கதவு திறந்தது. 2014 இறுதியில் அவர் காலமானார்.

இதன் நுட்பம் பொறுமையில் இருக்கிறது. டைட்டானியத்தின் மேல் தானே படரும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தை உடல் அயலெனத் தள்ளுவதில்லை. ஆனால் துளையிடும்போது எலும்பு 47 பாகை வெப்பத்தில் ஒரு நிமிடம் இருந்தாலே கெடத் தொடங்கும் என்பது 1983இல் அறியப்பட்டது. ஆகவே நீரைச் சொரிந்து மெல்லத் துளையிடுகின்றனர். குறை இல்லாமல் இல்லை. இயற்கைப் பல்லை எலும்போடு இணைக்கும் மென்னார்கள் ஊன்றிய வேருக்குக் கிடையா. சோற்றில் அகப்பட்ட சிறு கல்லை அது சொந்தப் பல் போல் உணர்ந்து சொல்லாது. புகைப்பவர்க்கும் சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்க்கும் தோல்வி கூடுதல். வாய் முழுவதற்கும் வேர் ஊன்றவேண்டும் என்பதும் இல்லை. 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டே வேர் ஊன்றி அவற்றின்மேல் பல்வரிசையைப் பற்றவைப்பதையே முதல் தேர்வாகக் கொள்ளலாம் என்று அறிவித்தனர். அம்மாவுக்கும் மருத்துவர் சொன்னது அதுவே. அது என் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கும் என்பதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை, எப்படியோ அறிந்துகொண்டார்.

"எனக்கு என்னத்துக்கு மக்களே இரும்பு?" என்றார்.

இரும்பு அன்று, டைட்டானியம் என்றேன். அஃது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அந்த வினாவுக்கு விடை தேடிச் சென்றபோதுதான் நான் வியந்து நின்றேன். 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரிகர் என்னும் பாதிரியார், ஓடைக்கரைக் கருமணலில் இவ்வுலோகத்தின் இருப்பைக் கண்டறிந்தார். பீங்கான் பல்லுக்குக் காப்புரிமை கிடைத்த அதே ஆண்டு! அந்தக் கருமணல் இல்மனைட்டு என்னும் கனிமம். அதே கனிமம் நிறைந்த கரை, குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி. 1909இல் சோம்பர்க்கு என்னும் செர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, அதன் ஊற்றைத் தேடி அக்கரைக்கே வந்து சேர்ந்தார். அவர் நாடியது விளக்கு வலைக்குரிய தோரியம் கொண்ட மோனசைட்டு. இல்மனைட்டு அதனோடு கலந்து கிடந்தது. அம்மணலைப் பிரித்தெடுக்கும் நடுவணரசு நிறுவனம் இன்றும் அங்கே இயங்குகிறது. சற்று வடக்கே கேரளத்துச் சவராவில், இந்த இனத் தாதுவிலிருந்து டைட்டானியத்தையே எடுக்கும் ஆலை 2011இல் தொடங்கப்பட்டது. அம்மாவின் தாடைக்குள் செல்லும் திருகு அந்தக் கரையிலிருந்து வந்தது என்று நான் கூறமாட்டேன். அது கடல் கடந்து வந்த திருகு. பொருள் மட்டும் அதுவே.

இதனைச் சொன்னதும் அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அவருடைய பிறந்த ஊர்க் கரையில் வெண்மணலுக்குள் கருமணல் வரிவரியாக ஓடும் என்றும், நண்பகலில் அதில் கால் வைத்தால் கொப்புளம் கண்டுவிடும் என்றும், தாமும் தங்கையும் அந்த வரிகளைத் தாண்டித் தாண்டிக் குதித்து வீடு சேர்வோம் என்றும், பாதிச் சொற்கள் காற்றாய்ப் போக, சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவரிடம் எப்போது போகவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

வேர்கள் இரண்டும் ஊன்றி ஆறு வாரங்கள் ஆகின்றன. எலும்பு பற்ற இன்னும் ஆறு வாரங்கள் பொறுக்கவேண்டும். ஞாயிறு மாலைகளில் தொலைபேசி இன்னும் என் கையில்தான் இருக்கிறது; ஆனால் இப்போது அம்மா அடுக்களைக்குள் போவதில்லை. அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சித்தி என்ன சொன்னார் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.